பதினொரு குழி

அந்த சேர் வேண்டாம் அக்கா, இந்தக் கட்டிலில் உட்காருங்க. அந்த சேரில் போன வருஷத்துக் காய்ச் சாக்கு கிடந்தது, இன்னும் துடைக்கவில்லை. உட்கார்ந்தால் ஊர் போய்ச் சேருகிற வரைக்கும் சொறிந்துகொண்டே போவீங்க. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியும் சேர்ந்து சொறிவாள். சிரிக்காதீங்க, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

அம்மா டவுனுக்குப் பலகாரம் வாங்கப் போயிருக்கிறாள். நீங்க சாயங்காலம்தான் வருவீங்க என்று நினைத்திருந்தோம். அண்ணன் தோட்டத்தில் சாய்ந்த கம்புக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். வீட்டில் நான் மட்டும்தான். நான் வடிவு, கொம்பையாவின் தங்கச்சி. போகும்போது அம்மா என்ன சொல்லிவிட்டுப் போனாள் தெரியுமா? "ஏட்டி, பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாலேயே வந்துட்டாங்கன்னா மோரைக் குடு, பூவைக் குடு, வாயை மட்டும் திறக்காதே." மோர் இதோ. பூ உள்ளே ஈரத்துணியில் இருக்கிறது. மூன்றாவதுதான் என்னால் முடியாது.

எதற்கு வந்திருக்கிறீங்க என்று எனக்குத் தெரியும். உங்க தங்கச்சி ராசகனியை எங்க அண்ணனுக்குக் கேட்டிருக்கிறோம். அவனுக்கு இது ரெண்டாம் கல்யாணம். சரி சொல்வதற்கு முன்னால் நீங்க மட்டும் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறீங்க. நல்லதுதான். நானாக இருந்தாலும் இதைத்தான் செய்வேன். பஸ்ஸை விட்டு இறங்கினதும் டீக்கடையில் விசாரித்திருப்பீங்களே, அந்த ஆள் என்ன சொன்னார்? முதல் பொண்டாட்டியை அடித்து விரட்டினான் என்றா? அது இல்லையா? வேறு என்ன?

ஓ. அண்ணனுடைய பிள்ளைக்குப் பிறவியிலேயே கண்ணில் கோளாறு. அப்பன் வம்சத்திலிருந்து வந்தது. நாளைக்கு ராசகனி பெற்றாலும் அப்படித்தான் இருக்கும். அப்படியா சொன்னார்?

சுத்தப் பொய் அக்கா. எங்க வம்சத்தில் கண் கோளாறு உள்ளவர் ஒருத்தர் கிடையாது. என்னையே பாருங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் நிற்கிற இடத்தில் போர்டு இருக்கிறதா? அதில் உள்ளதை இங்கே உட்கார்ந்தே வாசிப்பேன். செம்பொத்தை. இந்தப் பக்கம் நிற்கிறது உங்க ஊருக்குப் போகிற பஸ். அந்தப் பக்கம் நிற்கிறது செம்பொத்தைக்கு, செண்பகம் மதினியுடைய ஊருக்கு. அவள்தான் அண்ணனுடைய முதல் பொண்டாட்டி. பிள்ளை பிறந்து மூன்றாம் மாசம் நான்தான் வாங்கி மடியில் வைத்தேன். ரெண்டு கண்ணும் நாவல்பழம் மாதிரி இருந்தது. விரலை ஆட்டினால் விரல் போகிற பக்கம் எல்லாம் பார்த்தது. பிறவியும் இல்லை, வம்சமும் இல்லை. அது சுணை.

சுணை என்றால் தெரியாதா? சரிதான். உங்களிடமும் "எங்களுக்குப் பயறு வெள்ளாமை" என்றுதான் அம்மா சொல்லியிருப்பாள். பொய் இல்லை அது. பூனைக்காலியும் பயறுதானே. அவரை, மொச்சை மாதிரி அதுவும் ஒரு கொடி. என்ன பயறு என்று நீங்க கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை.

மருந்துக்குப் போகிற பயறு அது. ஆடியில் ஊன்றுவோம். குழிக்கு ஒரு விதை, பக்கத்தில் ஒரு கம்பு. கொடி கம்பைப் பிடித்து ஏறிப் பக்கத்துக் கம்புக்குத் தாவும், கார்த்திகையில் பார்த்தால் தோட்டம் முழுக்க ஒரே பந்தல். பூ கத்திரிக்காய் நிறத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். போன மாசம்கூட ஒரு அம்மா காரை நிறுத்திவிட்டு வந்து அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். தை மாசம் வந்து அதே இடத்தில் நிற்கட்டும், பார்ப்போம். தையில் காய் முற்றும். காய் முழுக்கப் பொன் நிறத்தில் மயிர், பூனைக்குட்டியின் கால் மாதிரி. அந்த மயிர்தான் சுணை. மேலே பட்டால் அரிக்கும் என்று சொல்வார்கள். அரிப்பா அது? எறும்பு தோலுக்கு உள்ளே போய் நடக்கிற மாதிரி இருக்கும். சொறிந்தால் பரவும். தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் இன்னும் பரவும். பச்சைச் சாணியை அப்பிக் காயவிட்டு உரித்தால்தான் மயிர் கையோடு வரும்.

பன்றி அதைத் தொடாது. குரங்கு தொடாது. அதனால்தான் மலையடிவாரத்துத் தோட்டத்தில் அப்பா அதைப் போட்டார். கூலிக்கு வருகிற ஆளும் தொட மாட்டார், அதுதான் தொந்தரவு. வீட்டுப் பொம்பளைகள்தான் பறிக்க வேண்டும். ஆம்பளைகள் மூட்டை கட்டுவார்கள்.

அப்பா செத்த பிறகு அம்மா பறித்தாள். அவள் கைத்தோல் கெட்டுப்போய்ப் பாளம் பாளமாக வெடித்ததும் என் முறை வந்தது. எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு. மூன்று தை. பனி காய்வதற்குள் பறித்துவிட வேண்டும், ஈரம் இருந்தால் மயிர் பறக்காது. பறித்து, சாணி உரித்து, குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். எப்படியும் சட்டையில் நாலு மயிர் கூடவே வந்துவிடும். என் பெஞ்சில் நான் மட்டும்தான் இருப்பேன். டீச்சர் நெருங்கி உட்காரச் சொன்னால் மற்ற பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துகொள்வார்கள். எனக்கு ஒன்றும் இல்லை. பெஞ்சு விசாலமாக இருந்தது.

கோமதி என்று ஒருத்தி எனக்குச் 'சொறிவடிவு' என்று பேர் வைத்தாள். நான் சண்டை போடவில்லை. மறுநாள் டிபன் டப்பாவில் ஒரே ஒரு காயைக் கொண்டுபோய் அவள் துப்பட்டாவில் உருட்டிவிட்டேன். அவள் குதித்த குதியைப் பார்க்கப் பள்ளிக்கூடமே கூடிவிட்டது. ஹெச்.எம். வந்து "யார் செஞ்சது?" என்று கேட்டார். உடனே கையைத் தூக்கினேன். கேட்டால் சொல்லிவிடுவேன் அக்கா, எனக்குப் பொய் வராது. "நாளைக்கு உங்க அம்மாவோட வா" என்றார். மறுநாள் அம்மாவுக்குக் களத்தில் வேலை. நானும் போகவில்லை. பத்தாவது பரீட்சைக்கு ஒரு மாசம் இருந்தது. அவ்வளவுதான் என் படிப்பு.

அந்த வருஷம் ஆவணியில்தான் செண்பகம் மதினி வந்தாள். பொண்ணு பார்க்கப் போனபோது அம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வளையல் அளவு பார்க்கிறாள் என்று அவங்க வீட்டில் நினைத்தார்கள். அம்மா பார்த்தது தோலை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணனிடம் ஒரே வார்த்தைதான் சொன்னாள், "தாங்கும்." உங்க தங்கச்சி கையையும் பிடித்துப் பார்த்தாளே, ஞாபகம் இருக்கிறதா? நீங்களும் வளையல் என்றுதான் நினைத்தீங்களா?

முதல் தையில் மதினியைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். பனியோடு பறிக்க வேண்டும். காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அண்ணனுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு விரலில் எண்ணெய் தடவ வேண்டும். இதில் ஒன்றையும் நான் சொல்லவில்லை. எனக்கு மட்டும் யார் சொன்னார்கள்? பட்டுத்தானே தெரிந்துகொண்டேன். எனக்கு ஒரு நியாயம், அவளுக்கு ஒரு நியாயமா?

வெயில் ஏறி ஒன்பது மணிக்கு, காற்று முகத்தில் அடிக்க, வெறுங்கையோடு பறித்தாள். கால் மணி நேரம் தாங்கினாள். பிறகு பார்க்க வேண்டுமே! ரவிக்கையைப் பிய்த்துக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினாள். தண்ணீரில் விழுந்து தேய்தேய் என்று தேய்த்தாள். கழுத்தில் இருந்தது வயிற்றுக்கு வந்தது, வயிற்றில் இருந்தது தொடைக்குப் போனது. வரப்பில் நானும் அம்மாவும் அண்ணனும் நின்று சிரித்தோம். சிரித்துச் சிரித்து அண்ணனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "ஏளா, நாலு நாள்ல பழகிரும்" என்றான். அப்போது அவள் முழுகாமல் இருந்திருக்கிறாள். ரெண்டு மாசம். அது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கொஞ்சம் குறைத்துச் சிரித்திருப்போம்.

மதினி ஒன்றும் சண்டைக்காரி இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். மறுநாளே பனியோடு வந்து நின்றாள். நான் பறிக்கிறதைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் பழகிக்கொண்டாள். சாயங்காலம் என் முதுகில் சாணி அப்பிக் காய்ந்ததும் அவள்தான் உரித்துவிடுவாள். அம்மா உரித்தால் தோலும் சேர்ந்து வரும். மதினி உரித்தால் தூக்கம் வரும்.

அந்தச் சித்திரையில் தாய்வீட்டுக்குப் போனவள் முந்தானையில் ஒரு மூட்டையோடு வந்தாள். அண்ணன் முன்னால் அவிழ்த்துக் கொட்டினாள். விதை. பூனைக்காலி விதைதான், ஆனால் எங்களுடையது மாதிரி கறுப்பு இல்லை. சாம்பல் வெள்ளை.

"இதுல சுணை கிடையாது" என்றாள். "எங்க மாமா போட்டிருக்காரு. வெறுங்கையால பறிக்காங்க."

"சுணையில்லாத பூனைக்காலியா?" என்று அண்ணன் சிரித்தான். "சரி, அடுத்த தடவை போனா உப்பில்லாத கடல் இருந்தா ஒரு குடம் கொண்டா."

"நான் பறிச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்லுதேன். கொடி, இலை, பூ எல்லாம் அதேதான். காய் மேல மயிர்கூட இருக்கு. அரிக்கல, அவ்வளவுதான்."

"மருந்துக்காரன் வாங்குவானா?"

"மாமாகிட்ட வாங்குதானே."

அண்ணன் கொஞ்ச நேரம் விதையைக் கையில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு கிழக்குப் பாத்தியை மட்டும் அவளுக்கு விட்டான். காய்த்தால் அடுத்த வருஷம் தோட்டம் முழுக்க அதுதான் என்றான்.

அன்றைக்கு எனக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே மதினி சொன்னாள், "இது காய்ச்சா நீ தோட்டத்துக்கே வர வேண்டாம் வடிவு. நான் ஒருத்தியே பறிச்சிருவேன். நீ பத்தாவதை மறுபடி எழுது. டுடோரியல்ல சேர்த்துவிடச் சொல்லி உங்க அண்ணன்கிட்ட கேட்டிருக்கேன்."

யார் இவளைக் கேட்டது?

நீங்களே சொல்லுங்க அக்கா. அரிக்காத விதை ஒன்று இருக்கிறது. பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போய் எடுத்துக்கொண்டு வருகிற தூரத்தில் இருக்கிறது. அப்படியானால் இவள் வருவதற்கு முன்னால் நான் ஒருத்தியாக மூன்று தை எதற்காகச் சொறிந்தேன்? மூன்று வருஷம் அந்த பெஞ்சில் எதற்காகத் தனியாக உட்கார்ந்தேன்? நேற்று வந்தவள் ஒரே ஒரு தை பறித்துவிட்டு, அடுத்த தையில் கை நிறைய வளையலைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்று நிதானமாகப் பறிப்பாளாம். எனக்கு அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அரிப்பைக்கூடத் தாங்கினேன். இதைத் தாங்க முடியவில்லை.

ஆடியில் நிறைமாச வயிற்றோடு அவளே உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து கிழக்குப் பாத்தி முழுக்க வெள்ளை விதையை ஊன்றினாள். பத்தாம் நாள் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போக வேண்டும். போகும்போது ஒரு துணி முடிச்சை என் கையில் கொடுத்தாள். முளைக்காத குழியில் மறுபடி ஊன்றுவதற்கு எண்ணி வைத்திருந்த விதை. பாடுவாசி என்போம் அதை. "நீதான் பார்த்துக்கிடணும் வடிவு, உன்னை நம்பித்தான் போறேன்" என்றாள். பஸ் நகர்ந்த பிறகும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஒரு நாள் ஊறவெச்சு ஊன்று!" என்று கத்தினாள்.

முளைக்காதது பதினொரு குழி. சொன்ன மாதிரியே ஒரு நாள் ஊறவைத்துத்தான் ஊன்றினேன். விதை மட்டும் அவள் கொடுத்தது இல்லை. எங்க பானையிலிருந்து எடுத்தேன், கறுப்பு.

ஏன் இப்படிப் பார்க்கிறீங்க? மோரைக் குடிங்க, புளித்துவிடும். ஒரு தடவை அரிக்கட்டும் என்றுதான் போட்டேன். அவ்வளவுதான் என் எண்ணம். ஆசை ஆசையாக வெறுங்கையை நீட்டும்போது ஒரே ஒரு தடவை. பிறகு சிரித்துவிட்டு விட்டுவிடலாம் என்று இருந்தேன்.

ஐப்பசி கடைசியில் பிள்ளையோடு திரும்பி வந்தாள். பொட்டப்பிள்ளை. கொடி அதற்குள் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டது. எது வெள்ளை, எது கறுப்பு என்று பார்த்துச் சொல்ல முடியாது. எனக்குத் தெரியும். குழியை எண்ணி வைத்திருந்தேன்.

தை வந்தது. தோட்டத்தின் மற்றப் பக்கம் நாங்கள் பனியில் பறித்தோம். கிழக்குப் பாத்திப் பக்கம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதினி பத்து மணிக்கு வருவாள், வெயிலில். மற்றப் பக்கம் பிள்ளையின் துணியைக்கூடக் காயப்போட மாட்டாள், அவ்வளவு பயம். ஆனால் அவள் பாத்தி மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. உள்ளேயே ரெண்டு கம்புக்கு நடுவில் சேலையால் தொட்டில் கட்டி, கொடி நிழலில் பிள்ளையைப் போட்டுவிட்டுப் பறிப்பாள். முதல் நாள் ஓரத்து வரிசை. ஒன்றும் ஆகவில்லை. காயை எடுத்துக் கன்னத்தில் தேய்த்துக் காட்டினாள் அண்ணனிடம். அண்ணனும் வாங்கித் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ஆமா பிள்ள!" என்றான். அவளைப் 'பிள்ள' என்று அவன் கூப்பிட்டு அன்றைக்குத்தான் கேட்டேன்.

ரெண்டாம் நாள் நானும் போனேன். வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மதினி ஏழாவது வரிசைக்கு வந்தாள். நல்ல நிழலாக ஒரு இடம் பார்த்துத் தொட்டிலை மாற்றிக் கட்டினாள். கட்டின கம்பு எது தெரியுமா? நான் ஊன்றின குழி ஒன்றின் கம்பு. தொட்டிலுக்கு நேர் மேலே கொத்தாக எட்டுப் பத்துக் காய், நன்றாக முற்றிக் காய்ந்தது. மதினி அண்ணாந்து பார்த்துவிட்டு அதைத்தான் முதலில் எட்டிப் பிடித்தாள்.

எனக்கு வாய் வரைக்கும் வந்தது அக்கா. கத்தலாம் என்று திறந்தேன். திறந்தால் என்ன சொல்வது? 'அதைத் தொடாதே' என்றால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள் இல்லையா? கேட்டால் நான் சொல்லிவிடுவேன். அதனால் மூடிக்கொண்டேன்.

கொத்தைப் பிடித்து இழுத்தாள். வெயிலில் மயிர் பறந்ததை வரப்பிலிருந்தே பார்த்தேன். மினுமினு என்று தங்கப்பொடி மாதிரி இறங்கியது. முதலில் கையைச் சொறிந்தாள். எறும்பு என்று நினைத்துத் தட்டிவிட்டாள். அதற்குள் பிள்ளை வீறிட்டது. ஓடிப்போய்த் தூக்கி, பதறிப்போய், அந்தக் கையாலேயே அதன் முகத்தைத் துடைத்தாள். கண்ணைத் துடைத்தாள். பிள்ளை கத்தக் கத்த இன்னும் துடைத்தாள். அழுகிற பிள்ளைக்கு எந்தத் தாயும் அதைத்தானே செய்வாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்தார்கள். இடது கண் பிழைத்தது. வலது கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது, அது இனிப் பார்க்காது என்றார்கள். ஆக, பிறவி இல்லை. இப்போது புரிகிறதா? இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

அண்ணன் அடித்தான் என்று ஊரில் சொல்வது உண்மைதான். ஆனால் ரெண்டே அடி. நான் பக்கத்தில்தான் நின்றேன். "சுணையில்லாத விதைன்னு சொன்னியேளா!" என்று கேட்டுக் கேட்டு அடித்தான். அவள் தடுக்கவே இல்லை. அம்மா, "உன் விதை, உன் கை. எங்களைச் சொல்லாதே" என்றாள். மதினி களத்துக்குப் போய் ரெண்டு கையையும் கல்லில் மாற்றி மாற்றி மோதினாள், "என் பிள்ளை கண்ணை நானே அவிச்சுட்டேனே" என்று. நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். ஆமாம், நான்தான். வேறு யாரும் போகவில்லை.

பிறகு அண்ணன் கிழக்குப் பாத்தியை வேரோடு பிடுங்கிக் குவித்துத் தீ வைத்தான். வெள்ளை, கறுப்பு எல்லாம் சேர்ந்து எரிந்தது. மதினியைப் பிள்ளையோடு செம்பொத்தை பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, தீர்த்து எழுதி வாங்கியாகிவிட்டது. அந்த விஷயத்தில் உங்களுக்கு ஒரு பயமும் வேண்டாம்.

அவளா? இருக்கிறாள். அந்தப் பஸ்ஸில் வருகிற ஒருத்தி சொன்னாள். மதினி பிள்ளையைத் தொடுவதே இல்லையாம். பால் கொடுக்கிற காலத்திலேயே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்காருவாளாம், அவ அம்மாதான் பிள்ளையைத் தூக்கி மாரில் பிடித்துக்கொள்வாளாம். இப்போது அது நடக்கிறது. தத்தித் தத்தி இவளிடம்தான் ஓடுமாம். இவள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாளாம். நாலு தடவை சாணி அப்பி உரித்தால் எந்தச் சுணையும் போய்விடும். இது ஒரு வருஷம் ஆகிறது. பைத்தியக்காரத்தனம்தானே?

ஏன் சொல்லவில்லை என்றா கேட்கிறீங்க? என்னை யாரும் கேட்கவில்லையே. அந்த ஹெச்.எம். மாதிரி "யார் செஞ்சது?" என்று ஒருத்தர் கேட்டிருந்தால் கையைத் தூக்கியிருப்பேன். எல்லாரும் மதினியைப் பார்த்தார்கள். மதினி தன் கையைப் பார்த்தாள். இன்றைக்கு நீங்க வந்து வம்சத்தில் கோளாறா என்று கேட்டீங்க, மறைக்காமல் சொல்லிவிட்டேன். வேறு வீடாக இருந்தால் இவ்வளவு உண்மை பேசுவார்களா?

அதனால் தைரியமாகக் குடுங்க. எங்க அண்ணன் ரத்தம் சுத்தம். குடிக்க மாட்டான். தை பிறந்ததும் முதல் முகூர்த்தத்திலேயே வைக்க வேண்டும் என்று அம்மா ஏன் பறக்கிறாள், மார்கழியிலேயே ஏன் பலகாரம் வாங்க ஓடியிருக்கிறாள் என்று யோசித்திருப்பீங்க. ஜோசியம் எல்லாம் இல்லை. காய் முற்றிக்கொண்டு வருகிறது. இந்த வருஷம் தோட்டம் முழுக்கக் கறுப்புதான். ராசகனி வரவில்லை என்றால் நான்தான் இறங்க வேண்டும். இனி என்னால் முடியாது அக்கா. அந்த நினைப்பு வந்தாலே முதுகு ஊறுகிறது, பாருங்க, இப்போதே. உரித்துவிடவும் ஆள் இல்லை.

உங்க தங்கச்சியை நான் மதினி மாதிரி விட மாட்டேன். எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பேன். பனி, காற்று, எண்ணெய், எல்லாம். இன்னொன்றும் இருக்கிறது. இருங்க, அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

இதோ. மதினி கொடுத்த அதே முடிச்சு. அவிழ்த்துப் பாருங்க. பதினொன்று இருக்கும். வெள்ளை. தோட்டத்தில் அண்ணன் ஒன்று விடாமல் எரித்தானே, இது மட்டும்தான் மிச்சம். செம்பொத்தையில் இனி எங்களுக்கு யார் விதை தருவார்கள்? கையில் வைத்துப் பாருங்க, அரிக்காது. முறையாக ஊன்றினால் ரெண்டே வருஷத்தில் தோட்டம் முழுக்கப் போடுகிற அளவுக்கு வந்துவிடும்.

இல்லை, இந்த வருஷம் இல்லை. அது எப்படி? நான் ஒருத்தியாக மூன்று தை பறித்திருக்கிறேன். ராசகனியும் வந்து ஒரு மூன்று தை பறிக்கட்டும். கணக்கு சரியானதும் நானே அவள் கையில் எடுத்துக் கொடுப்பேன். அதுவரைக்கும் பானையில் பத்திரமாக இருக்கும். நான் ஒன்றும் அவ்வளவு கெட்டவள் இல்லை.

என்ன அக்கா, எழுந்துட்டீங்க? மோர் அப்படியே இருக்கிறது. பூ வைக்காமலா போவீங்க? அம்மா வந்தால் என்னைக் கொன்றுவிடுவாள். சரி, போங்க, முடிச்சைக் குடுத்துட்டுப் போங்க. அக்கா, முடிச்சு. கையிலேயே வைத்திருக்கிறீங்க பாருங்க. அது ஒன்றுதான் இருக்கிறது என்று சொன்னேனே. விளையாடாதீங்க. அதுவும் போனால் சாகும் வரைக்கும் நான்தான் பறிக்க வேண்டும் அக்கா!

எங்கே ரோட்டைத் தாண்டுறீங்க? உங்க பஸ் இந்தப் பக்கம். அங்கே நிற்காதீங்க. அது செம்பொத்தைக்குப் போகிறது, போர்டைப் பாருங்க. அங்கே உங்களுக்கு யாரைத் தெரியும்? அக்கா! அங்கேயும் யாரும் உங்களைக் கேட்க மாட்டாங்களே. கேட்காமலேயா போய்ச் சொல்லப்போறீங்க?